தோளைக் கேட்டு வாங்குவோம்: ஆசிரியர்களின் லெப்டொப் பை பற்றிச் சில வார்த்தைகள்



ஓர் ஆசிரியர் லெப்டொப் வாங்கப் போகிறார் என்றால் ஊரே ஆலோசனை சொல்லும். எந்தத் தலைமுறை புரொசசர், ரெம் எத்தனை ஜிபி, ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியா என்று மச்சானிடம் கேட்பார், கூட்டாளியிடம் கேட்பார், பாடசாலையின் ஐசிடி சேரிடமும் கேட்பார். மூன்று நான்கு கடை ஏறி இறங்குவார். சீட்டுக் காசு கையில் வரும்வரை காத்திருந்து வாங்குவார். அதைச் சுமக்கும் பைக்கு மட்டும் ஐந்து நிமிடம். "இதோட ஒரு பேக் ஃப்ரீ சேர்" என்று கடைக்காரர் சொல்லிவிட்டால் அந்த ஐந்து நிமிடமும் இல்லை.

அந்த இலவசப் பைதான் அடுத்த இரண்டு வருடம் அவருடைய தோளில் தொங்கும்.

எங்கள் அபிப்பிராயம் இதுதான். ஆசிரியருக்கு லெப்டொப் பை ஓர் அலங்காரப் பொருள் கிடையாது. மேசனுக்குக் கரண்டி போல, தையல்காரருக்குக் கத்தரிக்கோல் போல அது ஒரு தொழிற்கருவி. அதன் லோகோவையும் நிறத்தையும் பொக்கெட் எண்ணிக்கையையும் பார்த்து வாங்குவதை நிறுத்துவோம். தோளையும் தையலையும் பார்த்து வாங்குவோம். முடிந்தவரை இரண்டு தோளிலும் மாட்டும் பையையே வாங்குவோம். "சின்னப் பிள்ளை மாதிரி" என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

இவ்வளவு சின்ன விடயத்துக்கு ஏன் இவ்வளவு நீண்ட பதிவு என்று கேட்பவர்கள் மீதியையும் வாசிக்க வேண்டும்.

சுமை எப்போது கூடியது?

ஒரு காலத்தில் ஆசிரியரின் பை என்றால் சின்னக் கைப்பைதான். பாடக்குறிப்புக் கொப்பி, இரண்டு பேனை, குடை, சாப்பாடு. இடாப்பு பாடசாலையிலேயே இருக்கும். வெண்கட்டியும் அங்கேயே இருக்கும்.

2020 மார்ச் மாதம் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகு நிலைமை மாறியது. ஸூம் வகுப்புக்காகக் கடன்பட்டு லெப்டொப் வாங்கிய ஆசிரியர்கள் எத்தனையோ பேர். பாடசாலைகள் திறந்தன, ஸூம் போனது, லெப்டொப் போகவில்லை. வினாத்தாள் தட்டச்சு, புள்ளிப் பட்டியல், பெறுபேற்றுப் பகுப்பாய்வு, வலயத்துக்கு அனுப்பும் தகவல் படிவங்கள், வகுப்பில் காட்டும் காணொளி எல்லாமே அதில்தான். பாடசாலையில் பூட்டி வைக்கலாம் என்றால் பூட்டுள்ள அலுமாரி எல்லோருக்கும் கிடைப்பதில்லை. ஆகவே தினமும் கொண்டு போய்த் தினமும் கொண்டு வருகிறோம்.

இன்னொரு விடயமும் இருக்கிறது. 2022 இல் சில மாதங்களுக்குள் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை போனதை யாரும் மறந்திருக்க மாட்டோம். இறக்குமதியாகும் எல்லாப் பொருளின் விலையும் அதோடு ஏறியது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரியும் 18 சதவீதமானது. அன்று வாங்கிய லெப்டொப்பை இன்று அதே விலைக்கு வாங்க முடியாது. பஸ்ஸில் ஒரு தடவை பட்டி அறுந்து விழுந்தால் ஓர் ஆசிரியரின் பல மாதச் சேமிப்பு அந்த இடத்திலேயே முடிந்துவிடும். அப்படிப்பட்ட பொருளைக் கைக்குட்டை போன்ற துணியில் சுற்றிக்கொண்டு திரிகிறோம்.

ஒரு கணக்கு

கணித ஆசிரியர்கள் மன்னிக்க வேண்டும், கணக்கு லேசானதுதான்.

15.6 அங்குல லெப்டொப் ஒன்று ஏறக்குறைய 1.8 கிலோ. சார்ஜரும் வயரும் 400 கிராம். ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒரு கிலோவுக்குக் குறையாது. பகல் சாப்பாடு பெட்டியோடு 700 கிராம். குடை 400 கிராம். வெறும் பையே 900 கிராம்.

இனி விடைத்தாள். சாதாரண ஏ4 தாள் ஒன்றின் எடை 5 கிராம். 40 மாணவர்கள், ஆளுக்கு நான்கு தாள் என்றால் 160 தாள், அதாவது 800 கிராம். இது ஒரு வகுப்புக்கு மட்டும்.

கூட்டிப் பாருங்கள், சரியாக 6 கிலோ. தவணைப் பரீட்சைக் காலத்தில் மூன்று வகுப்புத் தாளோடு வீடு போகும் நாளில் ஏழரைக் கிலோவைத் தாண்டும்.

கடையில் 5 கிலோ அரிசிப் பை விற்கிறார்களே, அதை ஒரு தோளில் தொங்கவிட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் இருபது நிமிடம் நின்று, பஸ்ஸில் முக்கால் மணி நேரம் கம்பியைப் பிடித்து நின்று, இறங்கி கிறவல் வீதியில் நடந்து போய் முதலாம் பாடவேளைக்கு வகுப்பில் நிற்கச் சொன்னால் எங்களில் யார் சம்மதிப்போம்? அதைவிடக் கூடவே ஒவ்வொரு நாளும் சுமக்கிறோம். பை அழகாக இருப்பதால் பாரம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பிள்ளைகளின் புத்தகப்பை அவர்களின் உடல் எடையில் 10 முதல் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வைத்தியர்கள் சொல்வார்கள். பெற்றோர் கூட்டத்தில் அதை நாங்களே மேடையில் ஏறிப் பேசுகிறோம். 50 கிலோ எடையுள்ள ஓர் ஆசிரியைக்கு 6 கிலோ என்பது 12 சதவீதம். அதையும் அவர் பெரும்பாலும் ஒரே தோளில் சுமக்கிறார்.

ஒரு தோள் என்ன செய்யும்?

ஒரு பக்கம் பாரம் தொங்கும்போது பட்டி வழுக்கிவிடாமல் இருக்க அந்தத் தோள் தானாக மேலே உயரும். உடம்பு சாய்ந்துவிடாமல் இருக்க முதுகெலும்பு மற்றப் பக்கம் வளையும். கழுத்திலிருந்து தோள்வரை உள்ள தசை அந்த நேரம் முழுவதும் இறுகியே இருக்கும். பஸ் குலுங்கும்போது பை ஆடும், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அந்தத் தசை மறுபடியும் இழுபடும்.

இரண்டு பட்டி என்றால் 6 கிலோ தோளுக்கு மூன்றாகப் பிரியும். பாரம் முதுகோடு ஒட்டி நிற்கும், ஆடாது, கைகள் இரண்டும் சும்மா இருக்கும். பஸ்ஸில் கம்பி பிடிக்கலாம், மழையில் குடை பிடிக்கலாம், பிள்ளையின் கையையும் பிடிக்கலாம்.

கழுத்து வலி, தோள் வலி, கை விறைப்பு என்று ஆசிரியர் அறையில் பேச்சு வராத நாள் குறைவு. எல்லாவற்றுக்கும் பைதான் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. கரும்பலகையில் கை உயர்த்தி எழுதுவது, குனிந்து திருத்துவது, நின்றுகொண்டே கற்பிப்பது எல்லாம் சேர்ந்ததுதான் இந்தத் தொழில். அதில் பல விடயங்களை எங்களால் மாற்ற முடியாது. பையை மாற்றலாம். அதுவும் நாளைக்கே மாற்றலாம்.

"மாணவர் மாதிரி இருக்கு"

இரு தோள் பைக்கு எதிராக நாங்கள் கேட்ட பெரிய வாதம் இதுதான். ஆசிரியர் என்றால் ஒரு தோற்றம் வேண்டும், முதுகில் பை மாட்டினால் ஏ.எல். படிக்கும் பிள்ளை போலிருக்கும் என்கிறார்கள்.

தோற்றம் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆசிரியரின் கண்ணியம் அவருடைய பட்டியின் எண்ணிக்கையில் இருக்கிறதா? வங்கி அதிகாரிகளும் பொறியியலாளர்களும் வைத்தியர்களும் இன்று முதுகில் பை மாட்டித்தான் வேலைக்குப் போகிறார்கள். கறுப்பிலோ கடும் நீலத்திலோ சாம்பலிலோ நீள்சதுரமாக, பளபளப்பான எழுத்துகள் இல்லாத ஒரு பையைத் தேர்ந்தால் சாரிக்கும் அபாயாவுக்கும் நீளக் காற்சட்டைக்கும் பொருந்தும்.

ஆசிரியைகளுக்குள்ள சிரமம் வேறு, அதை இலேசாகத் தள்ளிவிடக் கூடாது. சாரி உடுத்துபவர்களுக்கு முந்தானை மடிப்பும் பின்னும் பட்டிக்குள் அகப்படும். ஹிஜாப் பட்டியின் கீழ் இழுபட்டுக் கலையும். பட்டியின் உட்பக்கத் துணி சொரசொரப்பாக இருந்தால் அபாயாத் துணி சீக்கிரம் தேய்ந்து நூல் கிளம்பும். இதற்குச் சில வழிகள் இருக்கின்றன. பட்டியின் உட்பக்கம் வழுவழுப்பாக இருக்கும் பையைப் பாருங்கள். ஹிஜாபின் தொங்கலைப் பட்டிக்கு மேலே எடுத்துவிடுங்கள். சாரி உடுத்தும் நாளில் பாரத்தை இரண்டாகப் பிரித்து, லெப்டொப்பை மட்டும் ஒரு பையிலும் மற்றவற்றை மறுகையில் ஒரு துணிப்பையிலும் கொண்டு போகலாம். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் அதுவே பெரிய உதவி.

வாகனத்தில் போய் வாசலில் இறங்குபவர்களுக்கு ஒரு தோள் பையே போதும். ஐம்பது யார் நடப்பதற்கு எந்தப் பையும் சரிதான். நாங்கள் பேசுவது இரண்டு பஸ் மாறிப் போகிறவர்களுக்கும், மோட்டார் சைக்கிளில் பதினைந்து இருபது கிலோமீற்றர் போகிறவர்களுக்கும், கஷ்டப் பிரதேசப் பாடசாலைக்கு நடந்து ஏறுகிறவர்களுக்கும்தான்.

கடையில் என்ன பார்ப்பது?

புறக்கோட்டையில் வாங்கினாலும் கல்முனை பஜாரில் வாங்கினாலும் காத்தான்குடியில் வாங்கினாலும் இந்த ஏழையும் பாருங்கள். ஒன்றுக்கும் காசு செலவில்லை.

1. உங்கள் லெப்டொப்பைக் கையோடு கொண்டு போங்கள். 15.6 அங்குலம் என்பது திரையின் மூலைக்கு மூலை அளவு. உடலின் அகலம் அநேகமாக 36 சென்ரிமீற்றர் வரும், பழைய மொடல்கள் அதைவிடவும் பெரியவை. பையில் "15.6" என்று எழுதியிருந்தாலும் உள்ளே போட்டு சிப்பை மூடிப் பார்க்காமல் வாங்க வேண்டாம். மூலை இறுகினால் சிப் ஆறு மாதத்தில் போகும். மிகத் தளர்வாக இருந்தால் உள்ளே அடிபடும்.

2. லெப்டொப் வைக்கும் உறைக்குள் கையை விட்டு அடியைத் தொடுங்கள். நல்ல பையில் அந்த உறை பையின் அடிவரை போகாது, இரண்டு மூன்று சென்ரிமீற்றர் மேலேயே நிற்கும். பையை நீங்கள் சீமெந்துத் தரையில் "டொக்" என்று வைத்தாலும் லெப்டொப் தரையைத் தொடாது. அந்த இடைவெளி இல்லாவிட்டால் அடியில் தடித்த ஸ்பொன்ஞ்சாவது இருக்க வேண்டும். பல மலிவுப் பைகளில் முன்னுக்கும் பின்னுக்கும் ஸ்பொன்ஞ் இருக்கும், அடியில் வெறும் துணிதான் இருக்கும். லெப்டொப் அடிபடுவது அடியில்தான்.

3. பட்டி பையோடு சேரும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள். பைகள் பெரும்பாலும் செத்துப்போகும் இடம் இது. அங்கே ஒரே ஒரு கோட்டுத் தையல் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். சதுரம் அடித்து நடுவில் குறுக்குக் கோடு போட்ட தையலோ, ஒரே இடத்தில் முன்னும் பின்னும் நெருக்கமாக ஓடிய தடித்த தையலோ இருக்க வேண்டும். மேலே உள்ள கைப்பிடிக்கும் இதே சோதனை. பஸ்ஸில் இறங்கும் அவசரத்தில் அதைத்தான் பிடித்து இழுப்போம்.

4. பட்டியின் அகலம் மூன்று விரலுக்குக் குறையக் கூடாது. ஒரே பாரம் ஒடுங்கிய பட்டியில் வந்தால் கயிறு போல வெட்டும், அகன்ற பட்டியில் வந்தால் பரவும். ஸ்பொன்ஞ்சை விரலால் அழுத்திவிட்டு விடுங்கள். உடனே எழும்பினால் நல்லது. அமுங்கியே கிடந்தால் இரண்டு மாதத்தில் அது தட்டையாகிவிடும். மார்புக்குக் குறுக்கே மாட்டும் சிறு பட்டி இருந்தால் பட்டிகள் வழுக்காது, மோட்டார் சைக்கிள் ஓடுபவர்களுக்கு அது மிகவும் உதவும்.

5. சிப்பை மூலையைச் சுற்றி ஒரே கையால் இழுத்துப் பாருங்கள். சிக்கினால் வேண்டாம். ரன்னரின் பின்பக்கத்தில் பெரும்பாலும் ஓர் இலக்கம் இருக்கும். 5 என்றால் சிறியது, 8 உம் 10 உம் பெரியவை. லெப்டொப் இருக்கும் பிரதான அறைக்குப் பெரியது நல்லது. வைகேகே என்ற எழுத்துள்ள சிப் 1934 முதல் இருக்கும் ஒரு ஜப்பான் நிறுவனத்துடையது, நம்பலாம். ஆனால் அந்த எழுத்தையும் போலியாக அடிப்பவர்கள் உண்டு. எழுத்தை நம்புவதைவிட விரலை நம்புங்கள்.

6. துணியைப் பாருங்கள். சில பைகளின் அட்டையில் 600டி, 1000டி, 1680டி என்று இருக்கும். டி என்பது டெனியர். 9000 மீற்றர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். இலக்கம் கூடக் கூட நூல் தடிக்கும், பையின் எடையும் கூடும். தினமும் வேலைக்குப் போகும் பைக்கு 600 அளவில் நெருக்கமாக நெய்த துணி போதும். உராய்வுக்கு நைலோன் கூடத் தாங்கும், வெயிலுக்குப் பொலியெஸ்டர் கூடத் தாங்கும். ரெக்சின் பை வாங்காதீர்கள். எங்கள் கரையோர ஊர்களின் புழுக்கத்தில் அது ஒட்டும், உரியும், இரண்டாம் வருடம் அபாயா முழுக்கக் கறுப்புத் தூளாகக் கொட்டும். உண்மையான தோல் அழகுதான், ஆனால் மாரி காலத்தில் அலுமாரிக்குள் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

7. கடைசியாக, பாரத்தைப் போட்டு மாட்டிப் பாருங்கள். லெப்டொப்போடு இரண்டு தண்ணீர்ப் போத்தலையும் உள்ளே வைத்து, கடைக்குள்ளேயே ஐந்து நிமிடம் நடவுங்கள். வெறும் பை எல்லோருடைய தோளுக்கும் சுகமாகத்தான் இருக்கும். பையின் அடி இடுப்புக்குக் கீழே தொங்கினால் பட்டியைச் சுருக்குங்கள். சுருக்கியும் தொங்கினால் அந்தப் பை உங்கள் உயரத்துக்குப் பெரிது. கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்த்தால் பார்க்கட்டும். சுமக்கப் போவது அவரில்லையே.

மழையைப் பற்றி ஒரு சொல். "வோட்டர்ப்ரூஃப்" என்று எழுதிய பைகளில் அநேகமானவை தூறலை மட்டும் தாங்கும். துணி தாங்கினாலும் தையல் ஓட்டைகளாலும் சிப்பாலும் தண்ணீர் இறங்கும். கிழக்கில் நவம்பர் முதல் ஜனவரி வரை பெய்யும் மழை எந்த எழுத்தையும் வாசிப்பதில்லை. பைக்கு மேலே போடும் மழையுறை ஒன்று வாங்குங்கள். இல்லாவிட்டால் தடித்த பொலித்தீன் பை ஒன்றில் லெப்டொப்பைச் சுற்றி உள்ளே வையுங்கள். பார்க்க எளிமையானது, ஆனால் நிச்சயமாக வேலை செய்யும்.

விலை, வீண்விரயம்

"பைக்குப் போய் இவ்வளவு காசா, வீண்விரயம் இல்லையா?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. வீண்விரயத்தை மார்க்கம் கண்டிக்கிறது, ஆசிரியர் சம்பளமும் கண்டிக்கிறது.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. 2500 ரூபாப் பை ஒன்று ஒரு வருடம் ஓடுகிறது என்று வைப்போம். ஐந்து வருடத்துக்கு ஐந்து பை, 12,500 ரூபா. 9000 ரூபாப் பை ஒன்று ஐந்து வருடம் ஓடினால் 3500 ரூபா மிச்சம். வருடத்துக்கு ஏறத்தாழ 200 பாடசாலை நாட்கள் என்று பார்த்தால் ஐந்து வருடத்தில் 1000 நாட்கள். நாளுக்கு 9 ரூபா. ஒரு பிளேன்ரீக்கும் காணாது.

ஐந்து பை வாங்கி ஐந்தையும் குப்பையில் போடுவதுதான் உண்மையில் விரயம். அவை மண்ணில் உக்கவும் மாட்டாது.

விலை கூடியதெல்லாம் நல்லது என்று இதற்கு அர்த்தமில்லை. பெரிய பிராண்டின் பெயர் அடித்த போலிப் பைகள் நடைபாதையிலும் உண்டு, கண்ணாடிக் கடையிலும் உண்டு. 4000 ரூபாவுக்கு மேலே சொன்ன ஏழு சோதனையிலும் தேறும் பெயரில்லாத பை கிடைத்தால் அல்ஹம்துலில்லாஹ், அதையே வாங்குங்கள். உள்ளூரில் பை தைப்பவர் இருந்தால் அவரிடமும் கேட்டுப் பாருங்கள். அடியில் ஸ்பொன்ஞ், பட்டியில் இரட்டைத் தையல், பெரிய சிப் என்று நீங்கள் சொன்னபடி தைத்துத் தருவார். பட்டி அறுந்தாலும் அவரிடமே போகலாம். திருத்த முடியுமான பைதான் நீடிக்கும் பை.

அதிபர்களுக்கும் ஏற்பாட்டாளர்களுக்கும்

இதைச் சொல்லாமல் விட்டால் பதிவு முழுமையாகாது.

செயலமர்வு ஒன்றுக்குப் போனால் ஒரு பை தருவார்கள். முன்பக்கம் அனுசரணையாளரின் பெயர் பெரிதாக இருக்கும், உள்ளே ஒரு பேனையும் ஒரு கொப்பியும். துணி மெல்லியது, பட்டி ஒற்றைத் தையல். அது கொப்பி கொண்டு போகத் தைத்த பை. எங்கள் ஆசிரியர்களில் எத்தனை பேர் அதற்குள் லெப்டொப்பை வைத்துச் சுமக்கிறார்கள் என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். காசில்லாததால் சுமக்கிறார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கப்பட வேண்டியது, நூறு பேருக்குக் கொடுக்கிறோம் என்ற கணக்குக் காட்டுவதற்காக ஒருவருக்கும் உதவாத பொருளை அச்சடிக்கும் பழக்கம்தான்.

ஒக்டோபர் 6 ஆசிரியர் தினத்துக்கும் இதுவே. நினைவுச் சின்னங்கள், சுவர்க் கடிகாரங்கள், பெயர் அடித்த கோப்பைகள் எங்கள் வீடுகளில் வைக்க இடமில்லை. பிள்ளைகளின் அன்பை மதிக்கிறோம். ஆனால் பழைய மாணவர் சங்கங்களும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் பெரிய தொகை செலவழிக்கும்போது, வருடத்துக்குப் பத்து ஆசிரியர்களுக்கு ஒரு நல்ல பை என்று சுழற்சியில் கொடுத்தால் என்ன? தூரத்திலிருந்து வருபவர்களுக்கு முதலில் கொடுங்கள். பெயர் அடிக்க விரும்பினால் உள்பக்கம் சின்னதாக அடியுங்கள். ஒவ்வொரு நாளும் துஆ கிடைக்கும்.

அதைவிட மலிவான உதவியும் இருக்கிறது. ஆசிரியர் அறையில் பூட்டுள்ள ஓர் அலுமாரியும், ஒரு பொதுச் சார்ஜரும், குடிதண்ணீர் வடியும் இருந்தால் எங்கள் பையிலிருந்து ஒன்றரைக் கிலோ அன்றே குறையும். விடைத்தாளையும் பூட்டி வைக்கலாம். இது அதிபர் ஒருவர் மனம் வைத்தால் ஒரு மாதத்தில் ஆகும் வேலை.

பை வந்த பிறகு

நல்ல பையையும் கெடுக்கலாம். ஆகவே சிலவற்றைக் கவனிப்போம்.

பாரமான பொருள் முதுகோடு ஒட்டி இருக்கட்டும், லெப்டொப்பின் இடம் அதுதான். சார்ஜரை லெப்டொப்பின் மேல் அழுத்தும்படி வைக்காதீர்கள். நெரிசலில் பை அமுங்கும்போது அந்தக் கட்டி திரையை உடைக்கும். தண்ணீரும் கறியும் லெப்டொப்புள்ள அறைக்குள் போகவே கூடாது, வெளிப் பொக்கெட்டோ வேறு பையோ பாருங்கள். மூடியை மடித்துவிட்டு அப்படியே பைக்குள் போடாமல், லெப்டொப்பை முழுவதுமாக நிறுத்திவிட்டுப் போடுங்கள். உள்ளே விழித்துக்கொண்டால் காற்றில்லாமல் சூடேறும். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ளவை ஓடும் நிலையில் குலுங்கினால் பழுதாகவும் கூடும்.

பஸ்ஸில் ஏறியதும் பையை முன்பக்கம் மாற்றி மாட்டுங்கள். பின்னால் நிற்பவரின் முகத்திலும் அடிக்காது, திருடர் கையும் எட்டாது. மேல் தட்டில் வைக்க வேண்டாம், பிரேக் அடித்தால் விழும். இருக்கையில் இருப்பவர் "இஞ்ச தாங்க டீச்சர்" என்று மடியில் வாங்கி வைப்பது எங்கள் நாட்டு பஸ்களில் இன்னும் மிச்சமிருக்கும் நல்ல பழக்கம். வாங்குபவரின் சட்டையில் குழம்பு ஒழுகாத பையாக அது இருக்கட்டும். ஸ்கூட்டியில் போகிறவர்கள் பையை ஹேண்டிலில் தொங்கவிடாதீர்கள், திருப்பும்போது இழுக்கும். பட்டியின் தொங்கல் நுனிகளைச் சுருட்டிக் கட்டுங்கள், சக்கரத்துக்கு அவை ஆகாது.

மாதம் ஒரு முறை பையைக் கொட்டித் துப்புரவாக்குங்கள். தூக்கத் தேவையில்லாத அரைக் கிலோ எப்படியும் வெளியே வரும். பழைய சுற்றுநிருபங்கள், காய்ந்த மார்க்கர், போன தவணைத் தாள்கள். நனைந்த பையைத் திறந்து நிழலில் காய விடுங்கள். உப்புக் காற்றடிக்கும் ஊர்களில் சிப் இறுகினால் மெழுகுதிரித் துண்டால் அதன் பல்லில் இரண்டு தடவை தேய்த்தால் போதும்.

இன்னொன்று. அந்தப் பைக்குள் இருப்பது எங்கள் பொருள் மட்டுமில்லை. பாடசாலைக்குக் கிடைத்த லெப்டொப்பாக இருந்தால் அது அமானிதம். பிள்ளைகளின் விடைத்தாளும் புள்ளிகளும் அமானிதம். புள்ளிப் பட்டியலின் பிரதி ஒன்றைப் பென் டிரைவில் எடுத்து அதே பைக்குள் வைப்பதால் பயனில்லை. பை தொலைந்தால் இரண்டும் சேர்ந்தே தொலையும். பிரதி வீட்டில் இருக்கட்டும்.

நண்பர்களே, தன்னுடைய செலவிலேயே தொழிற்கருவி வாங்கி, தன்னுடைய தோளிலேயே சுமந்து போய்க் கற்பிக்கும் தொழில் இது. சம்பளத்துக்காகவும் இடமாற்றத்துக்காகவும் குரல் கொடுக்கிறோம், கொடுக்கத்தான் வேண்டும். அவை எப்போது கிடைக்கும் என்பது எங்கள் கையில் இல்லை. அறுபது வயதுவரை இந்தத் தோளும் இந்த முதுகும்தான் எங்களைப் பாடசாலைக்குக் கொண்டு போக வேண்டும். அவற்றின் ஹக்கை அவற்றுக்குக் கொடுப்போம்.

உங்கள் பை எத்தனை வருடம் ஓடியது, எந்த இடத்தில் முதலில் அறுந்தது, உங்கள் ஊரில் நன்றாகப் பை தைப்பவர் இருக்கிறாரா என்று கொமண்டில் எழுதுங்கள். புதிதாக நியமனம் பெற்ற தம்பி தங்கைகள் பலர் இதை வாசிப்பார்கள். முதல் சம்பளத்தில் பை வாங்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.